மகனுக்கு தேசிய சேவைக் கடிதம் வந்துவிட்டது. இந்தப் படை யாரை எதிர்த்து?

உட்லண்ட்ஸ் அப்பா:
எல்லோருக்கும் வணக்கம். மூத்தவனுக்குப் பதினாறரை வயது. தேசிய சேவைக்கு, அதாவது கட்டாயப் படைச் சேவைக்கு, பதிவு செய்யச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. நான் கும்பகோணத்துப் பக்கமிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து நிரந்தரவாசி ஆனவன், அதனால் எனக்கு அந்தக் கடமை இல்லை. பையன்களுக்கு உண்டு. விண்ணப்பம் போட்ட அன்றைக்கே தெரிந்த விஷயம்தான். புலம்ப வரவில்லை.

ஆனால் மனைவி கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "இவன் யாரோட சண்டை போடப் போறான்?" என்றாள். சுற்றிலும் இருப்பது இரண்டே பேர், மலேசியாவும் இந்தோனேசியாவும். அவள் ரவிக்கை தைக்கக் கொடுப்பதே மலேசியாவின் ஜொகூர் பாருவில்தான். பள்ளி விடுமுறை என்றால் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்குப் படகு ஏறுகிறோம். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் தற்காப்புக்கு மட்டும் சுமார் 23.4 பில்லியன் வெள்ளி. சண்டையே இல்லாத அக்கம்பக்கத்தை வைத்துக்கொண்டு இத்தனை செலவு எதற்கு? கிண்டலாகக் கேட்கவில்லை, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய சார்ஜன்:
தம்பி, நான் இருபத்திரண்டு வருடம் சீருடையில் இருந்தவன். சேர்ந்த புதிதில் நானும் இதையே கேட்டேன், யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. எதிரியின் பெயரைச் சொல்லாமலிருப்பது இங்கே ஒரு பழக்கம். ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் புரியும், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1965-ல் மலேசியாவிலிருந்து பிரிந்தபோது நம்மிடம் இருந்தது இரண்டே காலாட்படைப் பட்டாளங்கள். அதிலும் நிறையப் பேர் மலேசியர்கள். மலேசியப் படைப்பிரிவு ஒன்று இங்கேயே முகாமிட்டிருந்தது. அதற்கு ஐந்து மாதம் முன்னால், மார்ச் 10 அன்று, ஆர்ச்சர்ட் ரோட்டில் மெக்டோனல்ட் ஹவுஸில் குண்டு வெடித்து 3 பேர் செத்தார்கள், 33 பேருக்குக் காயம். வைத்தது இந்தோனேசிய மரைன் படையைச் சேர்ந்த இருவர். இந்தோனேசிய அதிபர் சுகார்னோ மலேசியாவை எதிர்த்து நடத்திய 'கொன்ஃபிரொந்தாசி' மோதல் காலம் அது.

அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ படை கட்ட முதலில் உதவி கேட்டது யாரிடம் தெரியுமா? இந்தியாவிடமும் எகிப்திடமும். லால் பகதூர் சாஸ்திரி வாழ்த்து அனுப்பினார், பயிற்சியாளர்களை அனுப்பவில்லை. கடைசியில் வந்தவர்கள் இஸ்ரேலியர்கள். சுற்றிலும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள், வெளியே தெரிந்தால் வம்பு என்று அவர்களை 'மெக்சிகோக்காரர்கள்' என்று சொல்லிவைத்தார்கள். 1967-ல் கட்டாய சேவை வந்தது. பிரிட்டிஷ்காரன் பெரும்பாலும் மூட்டை கட்டியது 1971-ல்.

அதே 1971-ல் ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாடு என்று ஒன்று கையெழுத்தானது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அவர்களோடு மலேசியாவும் நாமும். ஆக, தாளில் பார்த்தால் மலேசியாவும் நாமும் ஒரே பக்கம்! கூட்டு வான் தற்காப்புக்குத் தலைமையகம் மலேசியாவின் பட்டர்வொர்த்தில் இருக்கிறது. நானே போயிருக்கிறேன். பகலில் பயிற்சி, சாயங்காலம் பினாங்குக்குப் போய் நாசி கண்டார்.

ஆனால் 1991-ஐயும் பார்த்தவன் நான். மலேசியாவும் இந்தோனேசியாவும் தெற்கு ஜொகூரில் கூட்டுப் பயிற்சி வைத்துப் பாராசூட்டில் ஆட்களை இறக்கின. எந்தத் தேதியில்? ஆகஸ்ட் 9, நம் தேசிய தினம். இங்கும் படைதிரட்டல் நடந்தது. பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு ஓடினேன். ஒரு தோட்டாவும் வெடிக்கவில்லை, வீடு திரும்பிவிட்டேன். உங்கள் மனைவியின் கேள்விக்கு என் பதில் அந்த நாள்தான். சண்டை போட ஓடவில்லை. நாங்கள் ஓடிவருவோமா என்று யாரோ பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதற்காக ஓடினோம்.

ஜேபி கதிர்:
சார்ஜன் அண்ணே, அந்த 'யாரோ' பட்டியலில் நானும் இருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது.

நான் மலேசியன். காலை நாலரைக்கு மோட்டார் சைக்கிளில், ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலம் ஏறுகிறேன். ஒரு கிலோமீட்டர் பாலம், சில நாள் ஒன்றரை மணி நேரம். நாளொன்றுக்கு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படிப் போய்வருகிறார்கள். உங்கள் பேருந்தை ஓட்டுகிறவர், தொழிற்சாலையில் இரவு முறை பார்க்கிறவர், மருத்துவமனைத் தாதி என்று பாதிப் பேர் எங்கள் ஆட்கள். என் சித்தப்பா மகன் மலேசியத் தரைப்படையில் இருக்கிறான். என் அத்தை மகன் சிங்கப்பூர்க் குடிமகன், வருடா வருடம் ரிசர்விஸ்ட், அதாவது சேவை முடித்தவர்களுக்கான பயிற்சிக்கு, போகிறான். தீபாவளிக்கு இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் ஆட்டுக்கறி சாப்பிடுகிறார்கள். யாருக்கும் அஜீரணம் ஆனதில்லை.

எங்கள் பக்கத்துக் கோபம் என்ன என்பதையும் சொல்கிறேன், தண்ணீர். 1962 ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாளுக்கு 250 மில்லியன் கேலன் வரை சிங்கப்பூர் எடுக்கலாம், 2061 வரை. விலை ஆயிரம் கேலனுக்கு 3 மலேசிய சென். அறுபது வருடத்துக்கு மேல் ஆகியும் அதே 3 சென்! மூன்று சென்னுக்கு இன்றைக்கு ஒரு மிட்டாய்கூடக் கிடைக்காது. எங்கள் ஊரில் குழாய் வறளும்போது கிழவர்கள் இதைத்தான் முதலில் சொல்வார்கள்.

மலர் டீச்சர்:
கதிர் தம்பி, மிட்டாய்க் கணக்கு சரி. அதே ஒப்பந்தத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. சுத்திகரித்த தண்ணீரில் ஒரு பகுதியை ஜொகூர் திரும்ப வாங்கிக்கொள்கிறது, ஆயிரம் கேலன் 50 சென்னுக்கு. சுத்திகரிக்க அதைவிட அதிகம் செலவாகிறது என்பது சிங்கப்பூரின் வாதம். விலையை மறுஆய்வு செய்ய 25 வருடம் கழித்து, அதாவது 1987-ல், வாய்ப்பு இருந்தது. மலேசியா அப்போது கேட்கவில்லை. அந்த உரிமை போய்விட்டது என்கிறது சிங்கப்பூர், இல்லை என்கிறது மலேசியா. இரண்டு பக்கமும் வழக்கறிஞர்களுக்குப் பஞ்சமில்லை.

தண்ணீர் எங்களுக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்பதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. 1942 ஜனவரி 31 அன்று ஜப்பானியப் படையிடமிருந்து பின்வாங்கிய பிரிட்டிஷ் படை கடற்பாலத்தைத் தகர்த்தது. ஜொகூரிலிருந்து தண்ணீர் வந்த குழாயும் அந்தப் பாலத்தின் மேல்தான் போயிற்று. இரண்டு வாரத்தில், பிப்ரவரி 15, சரணாகதி. இன்றைக்கும் பிப்ரவரி 15 தான் முழுமைத் தற்காப்பு தினம். மாலை 6.20க்கு, சரணடைந்த அதே நேரத்துக்கு, அபாயச் சங்கு ஊதும். எங்கள் பள்ளியில் அன்று மதியம் பிள்ளைகளுக்கு மரவள்ளிக்கிழங்கு கொடுப்போம், ஜப்பானியர் காலத்தில் அதைத்தான் தின்றார்கள் என்று. பிள்ளைகள் சீனி தொட்டுக்கொண்டு இன்னும் இரண்டு கேட்கிறார்கள், அது வேறு கதை.

முன்னாள் ஸ்டோர்மேன்:
பள்ளியில் மரவள்ளிக்கிழங்கு தின்றவர் சங்கத்தில் நானும் உண்டு டீச்சர்.

உட்லண்ட்ஸ் அங்கிள், நான் போன வருடம்தான் சேவை முடித்தேன். முழங்கால் பிரச்சினை, அதனால் கிடங்கு வேலை. இரண்டு வருடம் நான் காத்தது தண்ணீர்ப் புட்டிகளையும் கூடாரத் துணியையும். எதிரி வந்திருந்தால் ரசீது கேட்டிருப்பேன். உங்கள் பையனுக்கு என்ன கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது, பெரிதாகக் கற்பனை செய்யாதீர்கள்.

ஆனால் பக்கத்து வீட்டையே பார்த்துக்கொண்டிருப்பது பழைய தலைமுறை என்று எனக்குப் படுகிறது. 2016 நவம்பரை நினைத்துப் பாருங்கள். தைவானில் பயிற்சி முடித்துக் கப்பலில் திரும்பிய நம்முடைய 9 டெரெக்ஸ் கவச வண்டிகளை ஹாங்காங் சுங்கத் துறை பிடித்துவைத்தது. இரண்டு மாதத்துக்கு மேல் வண்டிகள் அங்கேயே நின்றன, ஜனவரி கடைசியில்தான் வந்தன. தைவானில் ஏன் பயிற்சி என்று பெய்ஜிங் கேட்டதாகத்தான் நாங்கள் எல்லோரும் புரிந்துகொண்டோம். தைவான் ஏன் என்றால், இங்கே பீரங்கி சுட இடம் எங்கே? கடலைத் தூர்த்துச் சேர்த்தும் மொத்தமே 735 சதுர கிலோமீட்டர் சொச்சம். தரைப்படை ஆஸ்திரேலியாவில் ஷோல்வாட்டர் பே போகிறது, விமானிகள் பிரான்ஸில் கசோ போகிறார்கள். இந்தியாவில்கூட கலைக்குண்டா விமானப்படைத் தளத்தில் நம் விமானங்கள் பயிற்சி செய்திருக்கின்றன. அடுத்தவன் வீட்டுத் திண்ணையில் பயிற்சி செய்கிற படை, திண்ணைக்காரன் முகம் சுளித்தால் என்ன ஆகும்? அது உண்மையான பலவீனம்.

பழைய சார்ஜன்:
கிடங்கு இல்லாமல் படை இல்லை தம்பி, அதைக் கேலி பேசாதே. மற்றபடி நீ சொன்னது சரி. சீனா பெரிய விஷயம், மறுக்கவில்லை. 1990-லிருந்து அமெரிக்கர்களுக்கு இங்கே இறங்கிப் போக ஒப்பந்தம் இருக்கிறது, 2019-ல் அதை இன்னும் 15 வருடம் நீட்டினார்கள். விமானந்தாங்கிக் கப்பல் சாங்கி கடற்படைத் தளத்தில் வந்து நிற்கிறது. அதே சமயம் சீனாவோடும் கூட்டுப் பயிற்சி செய்கிறோம். இரண்டு மாமியார் வீடு, யாரையும் பகைத்துக்கொள்ள முடியாது.

கப்பல்காரன்:
நீங்கள் எல்லோரும் தரையிலேயே நிற்கிறீர்கள். தகராறு முழுக்கக் கடலில்தான் நடக்கிறது.

பெட்ரா பிராங்கா என்று ஒரு பாறை. சிங்கப்பூருக்குக் கிழக்கே 24 கடல் மைல், ஜொகூரிலிருந்து எட்டுக்கும் குறைவு. அதன் மேல் 1851-லிருந்து ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் நிற்கிறது. மலேசியா 1979-ல் போட்ட வரைபடத்தில் அதைத் தன் எல்லைக்குள் காட்டியதும் தகராறு ஆரம்பம். அனைத்துலக நீதிமன்றம் 2008-ல் பாறை சிங்கப்பூருக்கு என்றது. பக்கத்தில் இருக்கும் நடுப்பாறைகள் மலேசியாவுக்கு. தீர்ப்பில் பெரிய பங்கு எதற்குத் தெரியுமா? 1953-ல் ஜொகூர் அரசின் தற்காலிகச் செயலாளர் எழுதிய ஒரு கடிதம், 'பெட்ரா பிராங்காவுக்கு ஜொகூர் உரிமை கோரவில்லை' என்று. ஒரு குமாஸ்தா வேலை ஒரு பீரங்கிப் படையின் வேலையைச் செய்தது. மலேசியா 2017-ல் மறுஆய்வு கேட்டது, 2018-ல் ஆட்சி மாறியதும் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அப்புறம் துவாஸ், நம் மேற்குக் கரை. 2018 அக்டோபரில் மலேசியா ஜொகூர் பாரு துறைமுக எல்லையைத் தள்ளிப் போட்டது. டிசம்பரில் சிங்கப்பூரும் தன் எல்லையைத் தள்ளியது. இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தது. மலேசிய அரசுக் கலங்கள் அங்கேயே நங்கூரம் போட்டுக்கொண்டு நின்றன, நம் கடலோரக் காவல் படகுகள் எதிரே. நான் அப்போது அந்தப் பக்கம் ஓடும் ஓர் இழுவைப் படகில் இருந்தேன். வானொலியில் இரண்டு தரப்பும் மாறி மாறி 'இது எங்கள் எல்லை, விலகிப் போங்கள்' என்று படித்துக்கொண்டே இருப்பார்கள். மரியாதையான குரல்தான். ஆனால் நாள் முழுக்கக் கேட்டால் வயிறு கலங்கும். 2019 பிப்ரவரியில் 'பிரேயஸ்' என்ற கிரேக்கக் கப்பல் அங்கே நின்ற மலேசியக் கலம் 'போலாரிஸ்' மேல் மோதியது. யாரும் சாகவில்லை, அதிர்ஷ்டம். ஏப்ரலில் இரண்டு நாடும் பழைய கோட்டுக்கே திரும்புவதாக ஒத்துக்கொண்டன.

கப்பலில் இருக்கிற எங்களுக்கு இன்னொன்றும் உண்டு, திருட்டு. பிலிப் வாய்க்கால் பக்கம் நீரிணை ஒன்றரைக் கடல் மைல் அகலத்துக்குக் குறுகிவிடும். பெரிய கப்பல் மெதுவாகத்தான் போக முடியும். ராத்திரி சின்னப் படகில் வந்து ஏறி இயந்திர உதிரிபாகங்களை அள்ளிக்கொண்டு போவான். இழுத்துப்போகும் மிதவைகளில் பழைய இரும்பு இருந்தால் அதையும் விடமாட்டான். 2005-ல் லண்டன் லாய்ட்ஸ் சந்தையின் குழு மலாக்கா நீரிணையைப் போர் அபாயப் பட்டியலில் சேர்த்தது. காப்பீடு ஏறிவிடும் என்றதும்தான் மூன்று நாடுகளும் சேர்ந்து சுற்றுக்காவலை முடுக்கிவிட்டன. மறுவருடம் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். இப்போதும் கூட்டுச் சுற்றுக்காவல் உண்டு, ஆனால் திருடனைத் துரத்திக்கொண்டு அடுத்த நாட்டுக் கடலுக்குள் போக முடியாது. திருடனுக்கு எல்லைக்கோடு நன்றாகத் தெரியும்.

ஜேபி கதிர்:
துவாஸ் விஷயம் உண்மை. அந்த மாதங்களில் வேலை இடத்தில் என் மேலாளர் திடீரென்று "உங்க நாடு என்னப்பா இப்படிப் பண்ணுது" என்று கேட்பார். நான் என்ன, கோடு போட்ட ஆளா?

ஒன்று கேட்கலாமா சார்ஜன் அண்ணே, தப்பாக எடுக்க வேண்டாம். உங்கள் படையில் மலாய்க்காரர்களை முக்கியமான இடங்களில் வைக்கமாட்டார்கள் என்று எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வார்கள்.

நெறியாளர்:
தொடரட்டும். முகாம், பிரிவு, ஆயுதக் கிடங்கு விவரங்கள் வேண்டாம். இன வெறுப்புப் பேச்சு வந்தால் இழை பூட்டப்படும்.

பழைய சார்ஜன்:
நெறியாளர் ஐயா, கவலை வேண்டாம்.

கதிர், நீ கேட்டது பொய் இல்லை. ஆரம்ப வருடங்களில் மலாய் இளைஞர்கள் பலரை அழைக்கவே இல்லை. அப்புறம் அழைத்தபோதும் நிறையப் பேரைக் காவல்துறைக்கும் குடிமைத் தற்காப்புக்கும் அனுப்பினார்கள். சண்டை வந்தால் மனம் இரண்டு பக்கமும் இழுக்கும் என்ற சந்தேகம். மேலே இருந்தவர்கள் அதை வெளிப்படையாகவே பேசியிருக்கிறார்கள். இப்போது மலாய் விமானிகள் இருக்கிறார்கள், ஜெனரல் பதவிக்கு வந்திருக்கிறார்கள். முழுக்க மாறிவிட்டதா என்று என் மலாய் நண்பர்களைக் கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள், அதனால் நான் முடிவு சொல்லமாட்டேன். அணிவகுப்பில் கட்டளை மட்டும் இன்றுவரை மலாய்மொழியில்தான். 'செடியா' என்றால் சீனன், தமிழன், மலாய்க்காரன் எல்லோரும் ஒன்றாகக் காலை அடிப்பான்.

உட்லண்ட்ஸ் அப்பா:
நன்றி எல்லோருக்கும். இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். "அப்ப இந்தோனேசியா?" என்கிறாள். குண்டு வைத்தவர்கள் கதை அவளைப் பிடித்துக்கொண்டது.

பழைய சார்ஜன்:
அந்த இருவர், உஸ்மானும் ஹாருனும், 1968-ல் இங்கே தூக்கிலிடப்பட்டார்கள். ஜகார்த்தா அவர்களைத் தியாகிகளாக அடக்கம் செய்தது. உறவு உறைந்துபோயிற்று. 1973-ல் லீ குவான் இயூ ஜகார்த்தா போனபோது அவர்கள் சமாதியில் மலர் தூவினார். யோசித்துப் பாருங்கள், தன் ஊரில் மூன்று பேரைக் கொன்றவர்களின் சமாதி. பக்கத்து வீட்டோடு வாழ வேண்டும் என்றால் சில சமயம் அதையும் செய்ய வேண்டியிருக்கிறது. எனக்கு அது பீரங்கி வாங்குவதைவிடக் கஷ்டமான வேலையாகத் தெரிகிறது.

ஆனால் 2014-ல் இந்தோனேசியக் கடற்படை ஒரு போர்க்கப்பலுக்கு அந்த இருவர் பெயரையே வைத்தது. அந்தக் கப்பல் நம் துறைமுகத்துக்குள் வரக் கூடாது என்று தற்காப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். அங்கே வீரன், இங்கே குண்டு வைத்தவன்.

வானமும் அப்படித்தான். இந்தோனேசியாவின் ரியாவ் தீவுகளுக்கு மேல் பறக்கும் விமானங்களை 1946-லிருந்து சிங்கப்பூர்தான் வழிநடத்தி வந்தது. தன் வானத்தை இன்னொருவன் பார்த்துக்கொள்வது எந்த நாட்டுக்குப் பிடிக்கும்? 2022 ஜனவரியில் அங்கே பிந்தான் தீவில் ஒப்பந்தம் போட்டார்கள். குற்றவாளிகளை ஒப்படைப்பது, ராணுவப் பயிற்சி, வான்வெளி மூன்றும் ஒரே கட்டாக. 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. வான்வெளி இந்தோனேசியாவுடையது, சாங்கிக்கு அருகே ஒரு பகுதியை 25 வருடத்துக்குச் சிங்கப்பூர் கவனித்துக்கொள்ளும். இதை இரண்டு பக்கமும் வெற்றி என்று சொல்லிக்கொண்டன. நல்ல ஒப்பந்தத்துக்கு அது போதும்.

முன்னாள் ஸ்டோர்மேன்:
சரி, பேசியே தீர்ந்தது என்றால் எஃப்-35 போர் விமானம் இருபது எதற்கு அங்கிள்?

மலர் டீச்சர்:
அதற்குத் தண்ணீரை வைத்தே பதில் சொல்கிறேன். 1961-ல் போட்ட இன்னொரு ஒப்பந்தம் 2011 ஆகஸ்டில் முடிந்தது. யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? இருக்காது, ஏனென்றால் ஒன்றுமே நடக்கவில்லை. கூனூங் பூலாய், ஸ்கூடாய் நீர் ஆலைகளை ஓடுகிற நிலையில் காசு வாங்காமல் ஜொகூரிடம் கொடுத்துவிட்டு வந்தார்கள். அப்படிக் கொடுக்க முடிந்தது, ஏனென்றால் 2003-லிருந்து கழிவுநீரைச் சுத்திகரித்து எடுக்கும் புதுநீர் இருந்தது, 2005-லிருந்து கடல்நீரைக் குடிநீராக்கினோம், 2008-ல் மரினா அணை வந்தது. மாற்று இருக்கிறவன் குரலை உயர்த்த வேண்டியதில்லை. எஃப்-35க்கும் அதே கணக்கு என்றுதான் நினைக்கிறேன். விலைதான் நெஞ்சை அடைக்கிறது.

ஜேபி கதிர்:
டீச்சர், அதை எங்கள் பக்கமிருந்து பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரன் நாய் மேல் நாயாக வாங்கிக் கட்டுகிறான், 'கடிக்க இல்லை, மரியாதையாகப் பேசத்தான்' என்கிறான். நம்புகிறேன். ஆனாலும் வேலி ஓரம் போகும்போது கால் கூசத்தான் செய்யும்.

கப்பல்காரன்:
கதிர், அந்த நாய்க்கு வருடத்தில் அதிகம் போனால் நாற்பது நாள்தான் ரிசர்விஸ்ட். மற்ற நாள் உங்கள் ஊரில்தான் மசாஜ் எடுத்துக்கொண்டிருக்கிறது.

ஜேபி கதிர்:
அது உண்மை. உடற்தகுதித் தேர்வில் ஓடத் தெரியாமல் மூச்சு வாங்கும் நாயும் உண்டு, என் அத்தை மகனைச் சொல்கிறேன்.

உட்லண்ட்ஸ் அப்பா:
அவளே எழுதுகிறேன் என்கிறாள், கைப்பேசியைக் கொடுக்கிறேன்.

வணக்கம், நான் இவர் மனைவி. எல்லாம் கேட்டேன். தண்ணீர், பாறை, வானம் எல்லாம் புரிந்தது. 1991-ல் அண்ணன் பாதிச் சோற்றில் எழுந்து போனார் என்றாரே, அது மட்டும் மனதில் நிற்கிறது. பையனுக்குச் சாப்பாட்டில் எழுப்பினால் கோபம் வரும். முதல் பயிற்சி தெக்கோங் தீவில் என்கிறார்கள். அங்கிருந்து தினமும் பேச விடுவார்களா? வேறு என்ன வாங்கிக் கொடுத்து அனுப்ப வேண்டும்?

பழைய சார்ஜன்:
தங்கச்சி, ராத்திரி கொஞ்ச நேரம் பேசலாம், கவலைப்படாதீர்கள். காலுறை கூடுதலாக நாலு ஜோடி, பாதத்துக்குப் பவுடர், கொசு மருந்து. அப்புறம் கைப்பேசியில் ரோமிங்கை அணைத்துவிட்டு அனுப்புங்கள். தீவின் வடக்குப் பக்கம் நின்றால் எதிரே ஜொகூர்க் கரை தெரியும், அங்கே இருக்கிற கோபுரம்தான் முதலில் பிடிக்கும். துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு காவல் நிற்கும்போது 'மலேசியாவுக்கு நல்வரவு' என்று குறுஞ்செய்தி வரும். பில்லும் வரும்.